லிண்டலுக்கு மேலே மூன்றடி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறுகிறவருக்குப் பாதி வளைவுகளிலேயே காற்று மாறிவிட்டது தெரியும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரிக்குச் சற்று மேல் குறையும் என்பது பொதுக் கணக்கு. வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலையின் ஊர்கள் பெரும்பாலும் 2,000 அடிக்கும் 3,000 அடிக்கும் இடையில் இருக்கின்றன. கீழே வெயில் 40 டிகிரியைத் தொடும் சித்திரைப் பகலில் மேலே நாலைந்து டிகிரி குறைவு. கார்த்திகை, மார்கழியில் கீழே மெல்லிய போர்வை போதும். மேலே கம்பளி இல்லாமல் விடியாது.

காற்று இவ்வளவு மாறியும் புது வீடு மாறுவதில்லை. நகரத்தில் எழும்பும் வீட்டையும் மலைமேல் கரியாலூர்ப் பக்கம் எழும்பும் வீட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும்: ஒன்பது அங்குலச் சுவர், ஏழடியில் லிண்டல், நாலுக்கு நாலு ஜன்னல், பத்தடியில் கான்கிரீட் தளம், சமையலறைச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஒரு ஓட்டை. தமிழக அரசு 2024-ல் கொண்டுவந்த ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் வீட்டின் அளவு 360 சதுர அடி, மானியம் 3.50 லட்சம் ரூபாய். அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடியைத் தீப்பிடிக்காத வேறு பொருளில் வேய்ந்துகொள்ளலாம். மலைக்கும் சமவெளிக்கும் அளவு ஒன்றே.

வீடு கட்டப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, எந்த எக்ஸாஸ்ட் ஃபேன் நல்லது, எந்த கம்பெனி சிமினி வாங்கலாம், ஏசி போட்டால் ஜன்னல் தேவையா என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இந்த வீட்டிலிருந்து வெளியே போக வேண்டியது எது, எப்போது போக வேண்டும்? கள்ளக்குறிச்சி வீட்டில் போக வேண்டியது வெக்கை. போக வேண்டிய நேரம் இரவு. மலை வீட்டில் போக வேண்டியது புகையும் ஈரமும். அடுப்பு எரியும் நேரமெல்லாம், மழை மாதம் முழுக்கப் போக வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் போய்த்தான் சிக்கிக்கொள்கின்றன. லிண்டலுக்கு மேலே, தளத்துக்குக் கீழே உள்ள மூன்றடி உயரம்தான் அந்த இடம்.

சூடான காற்று மேலே போகும். போன இடத்தில் திறப்பு இருந்தால் வெளியேறும், இல்லாவிட்டால் அங்கேயே நிற்கும். நாட்டு ஓட்டு வீட்டில் ஓட்டின் இடுக்கெல்லாம் திறப்பு. கூரை வீட்டில் புல்லே மூச்சு விடும். நடுவில் முற்றம் வைத்த வீட்டில் ஆகாயமே திறப்பு. கான்கிரீட் தளம் வந்தபோது இந்த வழிகள் எல்லாம் ஒரே நாளில் அடைபட்டன. அதை உணர்ந்துதான் முதல் தலைமுறை கான்கிரீட் வீடுகளில் லிண்டலுக்கு மேலே, தளத்தை ஒட்டி, சின்னச் சின்ன வெண்டிலேட்டர்கள் வைத்தார்கள். கயிற்றை இழுத்தால் நடுவில் சுழன்று திறக்கும் கண்ணாடிப் பலகை பழைய பள்ளிக்கூடங்களிலும் அரசுக் கட்டடங்களிலும் இன்றும் உண்டு. வீடுகளில் அது மறைந்துவிட்டது. குருவி கூடு கட்டுகிறது, தூசி வருகிறது, லாஃப்ட் இடிக்கிறது, ஃபால்ஸ் சீலிங் போட முடியவில்லை, ஏசிக் காற்று போய்விடுகிறது என்று ஒவ்வொன்றாகக் காரணம் சேர்ந்து, கடைசியில் யாரும் கேட்காமலேயே மேஸ்திரி அதை விட்டுவிடுகிறார்.

முதலில் கீழே உள்ள வீட்டைப் பார்ப்போம். சித்திரை வெயிலில் மொட்டை மாடியின் மேற்பரப்பு 60 டிகிரி வரை போகும். ஐந்து அங்குலக் கான்கிரீட் அந்தச் சூட்டை உடனே கீழே இறக்குவதில்லை. மெல்ல உறிஞ்சி, வெளியே வெயில் தாழ்ந்த பிறகும் பல மணி நேரம் உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் மாலை ஏழு மணிக்குத் தெருவில் நிற்கிறவருக்குக் காற்று இதமாகவும், அதே நேரத்தில் படுக்கையறைக்குள் போகிறவருக்கு அடுப்படி மாதிரியும் இருக்கிறது. சீலிங் ஃபேனைப் போட்டால் தளத்தடியில் நிற்கும் வெக்கையைத் தலைமேல் தள்ளுகிறது. ஃபேன் காற்றை அசைக்கும், மாற்றாது. வியர்வையை உலர்த்துவதால் மூன்று டிகிரி குறைந்த மாதிரித் தோன்றும் என்பது உண்மைதான், அது வேண்டியதும்கூட. ஆனால் அறையின் காற்று அதே காற்று.

வெளியே குளிர்ந்த நேரத்தில் உள்ளே உள்ளதை மாற்றினால் பாதி வேலை முடியும். கள்ளக்குறிச்சியில் அந்த நேரம் இரவு ஒன்பதிலிருந்து விடியும் வரை. சரியாக அந்த நேரத்தில்தான் எல்லா ஜன்னல்களும் சாத்தப்படுகின்றன. கொசு ஒரு காரணம். ஆறு மணிக்கே அடைக்கிறோம். திருட்டுப் பயம் இன்னொன்று. காற்றோட்டம் பற்றிய எந்தப் பேச்சும் இந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டுப் பேசினால் புத்தகப் பேச்சாகவே நிற்கும். கொசுவலையும் கம்பியும் இல்லாத ஜன்னலைத் திறந்து வைத்துப் படு என்று ஒரு குடும்பத்துக்குச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆகவே ஜன்னலின் அளவைக் கணக்கிடும்போதே வலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தேசியக் கட்டட விதித் தொகுப்பு, வெப்பமும் ஈரமும் உள்ள பகுதிகளில் அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறப்பு வேண்டும் என்கிறது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-ல் வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ அதே அளவை 16.66 சதவீதம் என்று எழுதி, ‘திறக்கக்கூடிய’ பரப்பு என்று அழுத்திச் சொல்கிறது. அந்தச் சொல்தான் இங்கே முக்கியம். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 20 சதுர அடி திறப்பு வேண்டும். நாலுக்கு நாலு ஜன்னல் இரண்டு வைத்தால் 32 சதுர அடி, தாராளம். ஆனால் இப்போது நகரத்தில் எல்லாரும் போடுவது யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னல். ஒரு கதவு இன்னொன்றின் பின்னால் ஒளிவதால் பாதிதான் திறக்கும்: 32 சதுர அடி 16 ஆகிறது. அதற்கு மேல் கொசுவலை. மெல்லிய கண்ணுள்ள வலை காற்றில் கணிசமான பங்கைத் தடுத்துவிடும். காகிதத்தில் விதிக்கு மேல் இருந்த அறை, குடியேறிய அன்று விதிக்கு வெகு கீழே. முழுதும் திறக்கும் கீல் ஜன்னலும் கிடைக்கிறது. மழைச்சாரல் அடிக்கும், பராமரிப்பு கூடுதல் என்று சொல்லி ஸ்லைடிங் விற்கிறார்கள். சாரலுக்குச் சன்ஷேடு இருக்கிறது. காற்றுக்கு மாற்று இல்லை.

திசையையும் பார்க்க வேண்டும். ஆடியில் மேற்குக் காற்று, ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கு வாடை, கோடையில் தெற்கிலிருந்து வருவது. எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் இருந்தால்தான் இவை வீட்டுக்குள் புகுந்து வெளியேறும். ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் வைப்பதால் வெளிச்சம் கூடும், காற்று கூடாது. நகரத்து மனையில் பக்கத்து வீட்டுச் சுவர் மூன்றடியில் நிற்கிறது, எதிர்ச் சுவர் ஜன்னலுக்கு வழியில்லை என்பார்கள். அப்படியானால் மேலே பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வசதி, பலருடைய வீட்டில் தெரியாமலேயே இருக்கிறது.

அதுதான் மாடிப்படி. உள்ளே படி வைத்துக் கட்டும் எல்லா வீட்டிலும் படி மொட்டை மாடிக்குப் போய் ஹெட்ரூமில் முடிகிறது. வீட்டின் மிக உயரமான இடம் அது. சூடான காற்றெல்லாம் தானாக அங்கே போய்ச் சேர்கிறது. அதன் தளத்தை ஒட்டிக் கம்பியும் வலையும் வைத்து இரண்டு பக்கமும் திறப்பு விட்டால், அது மின்சாரமில்லாத எக்ஸாஸ்ட். எவ்வளவு இழுக்கும் என்று கணக்கிடலாம். கீழே ஒரு சதுர அடி திறப்பு, அதற்குப் பத்தடி மேலே இன்னொரு சதுர அடி திறப்பு, உள்ளுக்கும் வெளிக்கும் ஐந்து டிகிரி வித்தியாசம்: மணிக்குச் சுமார் 150 கன மீட்டர் காற்று தானாக ஏறிப் போகும். பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றில் இருப்பது 34 கன மீட்டர்தான். அதாவது மணிக்கு நாலு முறைக்கு மேல் அந்த அறையின் காற்று மாறும். உயரம் இரண்டு மடங்கானால் இழுப்பு ஒன்றரை மடங்கை நெருங்கும். திறப்பு இரண்டு மடங்கானால் காற்றும் இரண்டு மடங்கு. மேலே உள்ள திறப்புக்குத் திருடன் பயம் குறைவு. படுக்கையறைக் கதவை மட்டும் இரவில் சாத்தாமல் விட வேண்டும், அல்லது கதவுக்கு மேலே ஒரு ஜாலி வைக்க வேண்டும். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிக் கட்டும் ஜாலிச் சுவரைக் கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வீடு வீடாகக் கட்டிக் காட்டினார். கள்ளக்குறிச்சிக் கொத்தனாருக்கு அது அரை நாள் வேலை.

இப்படிச் சொன்னால் ஏசி வாங்கப் போகிறவர் சிரிப்பார். ஏசி வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. வைகாசிப் பகலில் முதியவரும் கைக்குழந்தையும் உள்ள வீட்டுக்கு அது தேவையாகவே இருக்கலாம். ஆனால் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. வெளியே உள்ள பெட்டிக்கும் உள்ளே உள்ள பெட்டிக்கும் நடுவே ஓடுவது குளிர்வாயுக் குழாய் மட்டும்தான். இருவர் தூங்கும் அடைத்த அறையில் கரியமில வாயு மணிக்கு 700 பிபிஎம் அளவில் ஏறும். வெளிக்காற்றில் அது சுமார் 420. கதவிடுக்கில் கொஞ்சம் கசிந்தாலும் நள்ளிரவுக்குப் பிறகு 2,000-ஐத் தாண்டுவது சாதாரணம். எட்டு மணி நேரம் தூங்கியும் தலை பாரமாக எழுவதற்கு இதுவும் காரணமாகலாம். ஏசி போடும் அறையிலும் குளியலறைப் பக்கம் சின்ன எக்ஸாஸ்ட் ஒன்று மெதுவாக ஓடினால், கதவடி இடுக்கின் வழியாக அறைக்குப் புதுக்காற்று வரும். 30 வாட் ஃபேன் நாள் முழுக்க ஓடினாலும் முக்கால் யூனிட்டுக்குள்தான்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் வீட்டில் பார்த்துவிட்டு வந்து வெப்பம் மீட்கும் காற்றோட்ட எந்திரம் கேட்கிறவர்களும் உண்டு. டொராண்டோவில் அது அவசியம். வெளியே மைனஸ் 20, உள்ளே 20. நாற்பது டிகிரி வித்தியாசத்தில் ஜன்னலைத் திறக்க முடியாது. வெளியேறும் காற்றின் சூட்டை உள்வரும் காற்றுக்குக் கொடுக்கும் அந்தப் பெட்டி அங்கே போட்ட காசை மீட்டுத் தருகிறது. கள்ளக்குறிச்சியில் ஏசி ஓடும் கோடைப் பகலில்கூட வித்தியாசம் அதில் பாதியைத் தொடாது. ஆண்டில் பாதிநாள் ஜன்னலைத் திறந்தாலே போதும். அந்தக் காசில் மொட்டை மாடிக்கு வெள்ளை ஓடு பதித்து, எல்லா ஜன்னலையும் கீல் ஜன்னலாக்கிவிடலாம்.

மலையில் கதையே வேறு. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய வீட்டுக்குப் பெரும்பாலும் ஜன்னல் கிடையாது. மூங்கில் தப்பையில் மண் பூசிய சுவர், புல் வேய்ந்த கூரை, குனிந்து நுழையும் ஒரே வாசல். கீழேயிருந்து போகிற அதிகாரிக்கும் எஞ்சினியருக்கும் அது காற்றோட்டமே இல்லாத வீடாகத் தெரிந்தது. ஆனால் அந்த வீட்டுக்கு ஒரு கணக்கு இருந்தது. குளிரும் ஆடிக்காற்றும் உள்ளே வரக் கூடாது. அதற்கு ஜன்னலில்லாத சுவர். புகை மேலே போய்ப் புல்லின் ஊடாகக் கசியும். போகும் வழியில் பரணில் கிடக்கும் சாமையையும் விதைச் சோளத்தையும் உலர்த்தி, வண்டு விழாமல் காக்கும். கூரைப் புல்லுக்கும் புகைதான் பூச்சி மருந்து.

அந்தக் கணக்கில் விலை கொடுத்தவர் அடுப்படியில் இருந்த பெண். இதை மறைத்துப் பழமையைப் புகழ்வது நேர்மை ஆகாது. பழைய அடுப்பங்கரை எதிலும் சுவரைப் பார்த்தால் தெரியும்: ஒரு மட்டத்துக்கு மேலே பளபளக்கும் கருப்பு, கீழே மண் நிறம், இரண்டுக்கும் நடுவே மட்டப்பலகை வைத்துக் கிழித்த மாதிரி ஒரு கோடு. அந்தக் கோடு ஏறக்குறைய வாசல் நிலையின் மேல்விளிம்பு உயரத்திலேயே ஓடும். புகை மேலிருந்து நிரம்பிக்கொண்டே இறங்கி, வாசலின் தலைமட்டம் வந்ததும் அதன் வழியே வழிந்தோடும். அதற்குக் கீழே ஓரளவு தெளிவு. தரையில் உட்கார்ந்து சமைத்தவரின் தலை கோட்டுக்குக் கீழே இருந்தது. எழுந்து நின்றால் முகம் புகைக்குள்.

இப்போது அதே விறகடுப்பைப் புதுக் கான்கிரீட் வீட்டில் வைத்துப் பாருங்கள். புல் இல்லை, கசிவு இல்லை. திறப்பின் உச்சி ஏழடியில், தளம் பத்தடியில். அடுப்பு தரையிலிருந்து மேடைக்கு ஏறிவிட்டது, சமைப்பவர் நிற்கிறார். மேலே உள்ள மூன்றடியில் புகை நிரம்பி, தளத்தில் பட்டுக் குளிர்ந்து, கனத்து, அறை முழுக்கக் கலந்து இறங்குகிறது. கோடே விழாத அளவுக்கு எல்லாச் சுவரும் மங்கலாகக் கருக்கிறது. புது வீட்டில் புகை பழையதைவிட மோசம் என்று சொல்லி வாசலுக்கு வெளியே சாய்ப்பு இறக்கி அங்கே அடுப்பு வைத்துக்கொள்கிறவர்கள் பிடிவாதக்காரர்கள் அல்லர். எஞ்சினியர் வைத்த குறையை அவர்கள் தீர்க்கிறார்கள்.

கேஸ் வந்துவிட்டதே என்று கேட்கலாம். கேஸ் எவ்வளவு மாற்றும் என்பதை அளந்து பார்த்த பெரிய ஆய்வு ஒன்று இந்த மாவட்டத்தோடு தொடர்புடையது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் நடந்த ‘ஹாப்பின்’ ஆய்வுக்கு இந்தியாவில் தேர்ந்தெடுத்த இடங்கள் கள்ளக்குறிச்சியும் நாகப்பட்டினமும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் அதன் முதன்மை ஆய்வாளர்களில் ஒருவர். தமிழகக் கிராமத்து அடுப்படிப் புகையைப் பல ஆண்டுகளாக அளந்து வருபவர். சுமார் 3,200 கர்ப்பிணிகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் 18 மாத எரிவாயுவும் இலவசமாகக் கொடுத்தார்கள். 2022-ல் வெளியான முடிவின்படி, விறகு எரித்தவர்கள் கர்ப்ப காலத்தில் சுவாசித்த நுண்துகளின் சராசரி ஒரு கன மீட்டருக்கு 103 மைக்ரோகிராம்; கேஸ் பெற்றவர்களுக்கு 35. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை.

இதைப் படித்துவிட்டு, கேஸால் பயனில்லை என்று முடிவு கட்டுவது தவறு. 103-ஐ 35 ஆக்க எந்த ஜன்னலாலும் எந்த ஃபேனாலும் முடிந்திருக்காது என்றே நினைக்கிறேன். புகையை வெளியேற்றுவதைவிட உண்டாக்காமலிருப்பது எப்போதும் மேல். ஆனால் 35-ம் நல்ல எண் அல்ல. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு வைத்திருக்கும் அளவு 15. நம் வீட்டில் கேஸ் எரிந்தாலும் பக்கத்து வீட்டு விறகு, தெருக் குப்பை, வெந்நீர் அடுப்பு என்று புகை எங்கிருந்தாவது வருகிறது. மலையில் இன்னொன்றும் சேரும்: சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது மலையேறி வர வேண்டும், விறகு வீட்டைச் சுற்றிக் கிடக்கிறது. ஆகவே மலை வீட்டுச் சமையலறை, கேஸ், விறகு இரண்டுக்கும் பொருந்தும்படி இருந்தாக வேண்டும். இரண்டும் எதிரெதிர்க் குணம். விறகுப் புகை மேலே போகும். சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். கசிந்தால் தரையில் தேங்கும். மேலே மட்டும் திறப்பு வைத்த அறையில் கசிந்த கேஸ் அசையாமல் கிடக்கும், அடுத்த தீக்குச்சி வரை. தரையை ஒட்டி ஒரு திறப்பு, தளத்தை ஒட்டி ஒரு திறப்பு என இரண்டும் வேண்டும். அப்படி வைத்தால் கீழ்த் திறப்பு புகை ஏறுவதற்கு வேண்டிய காற்றையும் கொண்டுவந்துவிடும்.

ஈரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வரும். சோற்றுலையின் ஆவி, ஆட்களின் மூச்சு, மழையில் நனைந்த துணி எல்லாம் சேர்ந்து, குளிர்ந்த கான்கிரீட் தளத்திலும் தகரத்திலும் பட்டு முத்து முத்தாக நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் கட்டிலுக்கு மேலே தகரத்திலிருந்து சொட்டுவதை ஒழுகல் என்று நினைத்துச் சிமெண்ட் பூசுகிறார்கள். அது வீட்டுக்குள்ளேயே பெய்யும் மழை. சுவர் மூலையில் பூஞ்சணம், மூட்டையில் தானியமும் கடுக்காயும் புளியும் ஈரத்தில். கேஸ் எரியும் புது வீட்டுக்கு வந்த தானியத்துக்குப் பரணும் இல்லை, புகையும் இல்லை. அதற்குத் தனியாகக் காற்று வேண்டும். எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. ஒரு வருஷத்துச் சாப்பாடு அந்த மூட்டையில் இருக்கிறது.

இங்கே சமவெளி வைத்தியம் பலிக்காது. ஆறில் ஒரு பங்கு திறப்பை மலை வீட்டுப் படுக்கையறையில் வைத்தால் மார்கழியில் அதைச் சாக்கு வைத்து அடைப்பார்கள், அடைப்பதும் நியாயம். அடைத்த பிறகு உள்ளே ஒரு சட்டியில் கங்கு போட்டுக் குளிர் காய்ந்தால், வாசனையோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொல்லும். மலைவாசத் தலங்களில் அப்படி இறந்தவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். மலை வீட்டுக்கு வேண்டியது பெரிய ஜன்னலைவிட, யாராலும் அடைக்க முடியாத, அடைக்கத் தேவையும் படாத சின்னத் திறப்பு. படுத்திருப்பவர் மேல் காற்றடிக்காத உயரத்தில், தளத்தை ஒட்டி, மழைச் சாரல் புகாமல் வெளிப்பக்கம் சரிந்த பலகையோடு, கையகலத்தில் எதிரெதிராக இரண்டு. சமையலறையில் மட்டும் பெரிதாக: அடுப்புக்கு நேர்மேலே தளத்தைத் துளைத்து நிற்கும் புகைக்கூண்டு. சிமெண்ட் குழாயோ செங்கல்லோ, ஒன்பது அங்குல அகலமும் தளத்துக்கு மேலே மூன்றடி உயரமும் தலையில் ஒரு மூடியும் இருந்தால் போதும். எரியும் அடுப்பின் சூடே அதற்கு மோட்டார்.

எந்திரத்தைப் பொறுத்தவரை இரண்டு இடத்துக்கும் என் தீர்ப்பு வேறு. நகரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேனும் சிமினியும் நல்ல துணை. ஆனால் ஃபேனை ஜன்னலுக்கு ஓரடி தள்ளி மாட்டக் கூடாது. ஜன்னல் வழியே வந்த காற்றையே உடனே வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், அடுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஒரு ஊதுபத்தியை அடுப்பு மேடையில் வைத்துப் பார்த்தால் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். வெளியே குழாய் போகாத சிமினி எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை வீட்டுக்கே திருப்பிவிடும். அதை வாங்குவதும் வாங்காததும் ஒன்று. வாஸ்துப்படி தென்கிழக்கு மூலையில் சமையலறை வைத்தவர்களுக்குக் கோடைத் தென்காற்று தாளிப்பு வாசனையைக் கூடத்துக்குத் தள்ளும். அவர்கள் ஃபேனைக் கிழக்குச் சுவரில் வைத்து, தெற்கு ஜன்னலைக் காற்று வரும் வழியாக விட்டுவிடலாம்.

மலையில் ஃபேனை நம்பக் கூடாது. காற்றடித்து மரம் சாய்ந்தால் கரண்ட் போகும். மழை மாதத்தில், புகையும் ஈரமும் அதிகமான அதே நாட்களில்தான் போகும். ரிப்பேருக்குக் கீழே இறங்க வேண்டும். தகரக் கூரை போட்டவர்களுக்குத் தொழிற்சாலைக் கூரைகளில் சுழலும் உருண்டை வெண்டிலேட்டர் ஒன்று உதவும். கரண்ட் கேட்காது, மலைக்காற்று சும்மா சுற்றிவிடும். ஆனால் குளிர்காலத்தில் மூடுவதற்குக் கீழே ஒரு தட்டு இல்லாமல் அதை வாங்கக் கூடாது.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒன்று, காலம். லிண்டல் போட்டு அதன் மேல் சுவர் ஏறும் நாலைந்து நாளில் மேஸ்திரியிடம் ‘இங்கே இத்தனை அங்குலம் விட்டுடுங்கண்ணே’ என்று சொன்னால் கூலிகூடக் கூடாது, செங்கல் மிச்சம். சென்ட்ரிங் அடிக்கும்போது புகைக்கூண்டுக்கு ஒரு பெட்டி வைத்துவிட்டால் கம்பி அதைச் சுற்றிக் கட்டப்படும். தளம் காய்ந்த பிறகு நினைவு வந்தால் மிஷின் வைத்துத் துளைக்க வேண்டும், கம்பி அறுபடும், ஓரம் ஒழுகும். நகரத்தில் அதற்கும் ஆள் கிடைக்கும். மலையில் கிடைக்காது.

அரசு வீடுகளுக்கு இதைச் செய்வது எளிது. வரைபடம் ஒரே இடத்திலிருந்து வருகிறது. மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டம் சமவெளிக்கு 1.20 லட்சம், மலை மாநிலங்களுக்கும் கடினமான பகுதிகளுக்கும் 1.30 லட்சம் என்று பணத்தில் வேறுபாடு வைத்து ஆரம்பித்தது. வரைபடத்திலும் அந்த வேறுபாடு வர வேண்டும். 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டம் சமவெளி, மலை இரண்டையும் தன் எல்லைக்குள்ளேயே வைத்திருக்கிறது. இரண்டு வரைபடம் போட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான மாவட்டம் தேட வேண்டியதில்லை. மலைக்கான தாளில் நாலு திருத்தம் போதும்: சமையலறைத் தளத்தில் புகைக்கூண்டு, தரையை ஒட்டி ஒரு கம்பித் திறப்பு, அறைகளில் தளத்தை ஒட்டி எதிரெதிர்ச் சின்னத் திறப்புகள், கனவு இல்லத்தில் கான்கிரீட் இல்லாத அந்த 60 சதுர அடியில் ஓட்டுக் கூரை வேய்ந்து, காற்றாடும்படி மூங்கில் தட்டு அடித்த ஒரு பரண்.